வெட்டிய ஓடையும் வெட்டாத ஓடையும்: ஓரிகன் பயணக் குறிப்புகள்

செப்டம்பர் 2, 2024, திங்கள். கோர்வாலிஸ்

நீலகிரியில் மண்வளப் பணியில் முப்பத்தோராண்டு இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓடை என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதன் ஓரத்தில் நிற்கும் அளவுகோல்தான். என் மகள் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் காட்டு நீரியல் படிக்கிறாள். போன மாதம் தொலைபேசியில், "அப்பா, நம்ம ஊர்ல அளந்த மாதிரியே இங்கயும் பக்கத்து பக்கத்து ஓடைகள அளந்திருக்காங்க. ஆனா இங்க மீனையும் சேர்த்து எண்ணியிருக்காங்க. ஒருதடவ வந்து பாருங்க" என்றாள். மீனையும் சேர்த்து எண்ணினார்கள் என்ற சொல்தான் என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்தது.

நம்மூரில் அளந்தது எது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நீலகிரியின் கிளென்மார்கனில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளைத் தேர்ந்து, ஒன்றைப் புல்வெளியும் சோலையுமாக இருந்தபடியே விட்டு, மற்றதில் 59 விழுக்காட்டுப் பரப்பில் 1972இல் தைலமரம் நட்டார்கள். முதல் சுற்று மரங்கள் வளர்ந்த பத்தாண்டுகளில் அந்த ஓடையின் ஆண்டு நீர்வரத்து 16 விழுக்காடு குறைந்தது. வெட்டிய பின் மறுபடி தழைத்த இரண்டாம் சுற்றில் ஏறத்தாழ 25 விழுக்காடு குறைந்தது. மரம் நட்டால் தண்ணீர் பெருகும் என்று மேடைதோறும் பேசிவந்த காலத்தில், எந்த மரம், எந்த நிலத்தில், எந்த வயதில் என்று கேட்க எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவை அந்த இரண்டு ஓடைகள்தாம். மீனைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

இங்கே அந்தக் கேள்வி 1959லேயே எழுந்துவிட்டது. ஓரிகனின் கடலோர மலைத்தொடரில், ஆல்சி விரிகுடாவில் கலக்கும் டிரிஃப்ட் க்ரீக் என்ற ஆற்றுக்கு நீர் தரும் மூன்று சிற்றோடைகளை எடுத்துக்கொண்டு, மாநிலத்தின் வேட்டை, மீன்வளத் துறையும் பல்கலைக்கழகமும் அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனமும் வனத்துறையும் நில உரிமையாளர்களும் சேர்ந்து, மரம் வெட்டினால் ஓடைக்கும் மீனுக்கும் என்ன ஆகிறது என்று பார்க்க உடன்பட்டார்கள். மரத்தை விற்பவருக்கும் மீனைக் காப்பவருக்கும் ஆகாத காலம் அது. ஒரே தண்ணீரை ஒரே கருவியால் அளந்து, வரும் எண்ணை இரு தரப்பும் ஏற்பது என்ற அந்த உடன்பாட்டை நான் பெரிய காரியமாகவே மதிக்கிறேன்.

செப்டம்பர் 3, செவ்வாய். ஃபிளின் க்ரீக்

காலை ஏழு மணிக்குக் கிளம்பி ஃபிலோமத் வழியாக மேற்கே போனோம். தெற்கே மேரிஸ் பீக் சிகரம் மஞ்சு மூடி நின்றது. உயரம் 1,249 மீட்டர்தான் என்றாலும் இந்தக் கடலோரத் தொடரில் அதுதான் உச்சி. சாலையின் இருபுறமும் மலைச்சரிவுகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. ஒரு கட்டத்தில் ஆளுயர மரம், அடுத்ததில் முப்பதடி மரம், அதற்கடுத்தது வெட்டி முடித்த செம்மண். எல்லாம் டக்ளஸ் ஃபர் என்ற ஒரே சாதி. தைலமரத் தோட்டங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தக் காட்சி அந்நியமாக இல்லை.

ஃபிளின் க்ரீக் பள்ளத்தாக்கில் இறங்கியதும் அந்தக் கட்டங்கள் மறைந்துவிட்டன. 202 ஹெக்டேர் பரப்புள்ள இந்த நீர்ப்பிடிப்புதான் மூன்றில் வெட்டாமல் விடப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுந்த பெருந்தீக்குப் பின் முளைத்த டக்ளஸ் ஃபர் மரங்களும், ஓடைக்கரை நெடுக ஆல்டர் மரங்களுமாக நிற்கின்றன. ஆண்டுக்குச் சுமார் 2,500 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடமென்றாலும் அது பெரும்பாலும் அக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. கோடைக்கடைசியான இப்போது ஓடையில் கணுக்கால் நனையும் தண்ணீர்தான் ஓடுகிறது.

என்னை முதலில் உறுத்தியது ஓடைக்குள் கிடந்த மரங்கள். குறுக்கும் நெடுக்குமாக, பாசி பிடித்து, சில முழு மரமாக வேரோடு சாய்ந்து கிடந்தன. வாய்க்காலைத் தூர்வாரியே பழகிய கை எனக்கு. இதை ஏன் யாரும் அப்புறப்படுத்தவில்லை என்று கேட்டுவிட்டேன். மகள் சிரிக்கவில்லை. "இங்கயும் அப்படித்தான் நினைச்சாங்கப்பா. இருபது வருஷத்துக்கு மேல எடுத்துப் போட்டுக்கிட்டே இருந்தாங்க" என்றாள்.

அது உண்மை. 1950களிலிருந்து இந்தக் கடற்கரை முழுவதும் அரசுத் துறைகளே ஆட்களையும் இயந்திரங்களையும் இறக்கி ஓடைகளிலிருந்து மரங்களை அகற்றின. கடலிலிருந்து முட்டையிட ஏறிவரும் சால்மன் மீனை அவை மறிக்கின்றன என்பது அன்றைய நம்பிக்கை. மீனின் நன்மைக்காகவே அதைச் செய்தார்கள். 1970களிலும் 80களிலும் ஓடைகளை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்த பிறகுதான், விழுந்த மரம் தண்ணீரைத் தடுத்து மடு தோண்டுகிறது, மடுவின் பின்னால் சரளை தங்குகிறது, அந்தச் சரளையில்தான் மீன் முட்டையிடுகிறது, குளிர்கால வெள்ளத்தில் குஞ்சுகள் அடித்துச் செல்லப்படாமல் ஒதுங்குவதும் அந்த மரத்தடியில்தான் என்பது தெளிவாயிற்று. மரத்தை எடுத்த ஓடைகளின் அடித்தளம் அரித்துப் பாறையாகியிருந்தது. இன்று அதே மாநிலத்தில் பெருமரங்களை வேரோடு கொண்டுவந்து ஓடைகளில் திரும்ப இடுகிறார்கள். வண்டி போக முடியாத இடங்களில் ஹெலிகாப்டரில் தொங்கவிட்டு இறக்குகிறார்கள்.

கரையில் உட்கார்ந்து ஒரு மடுவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாய்ந்த செடார் மரத்தின் நிழலில் விரல் நீளக் குஞ்சுகள் எதிர்நீரில் நின்றபடி வால் அசைத்துக்கொண்டிருந்தன. எல்லாம் கோஹோ சால்மன். குளிர்காலத்தில் சரளைக்குள் இட்ட முட்டையிலிருந்து இந்த வசந்தத்தில் வெளிவந்தவை. இன்னொரு குளிர்காலத்தையும் இந்த ஓடையிலேயே கழித்து, அடுத்த வசந்தத்தில் கடலுக்குப் போய், மூன்று வயதில் இங்கேயே திரும்பும். ஓரிகன் கடற்கரையின் கோஹோ 1998இல் அழிவாபத்துக்கு உள்ளான இனமாகச் சட்டப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

செப்டம்பர் 4, புதன். நீடில் பிராஞ்ச்

மூன்று ஓடைகளிலும் சிறியது இது. நீர்ப்பிடிப்பு ஏறத்தாழ 70 ஹெக்டேர். தனியார் மரநிலமாகையால் முன்னனுமதி பெற்று, மஞ்சள் மேலங்கியும் தலைக்கவசமும் அணிந்துதான் நுழைந்தோம். எங்களுடன் அந்நிலத்தை மேற்பார்க்கும் வனவியலாளர் ஒருவரும் வந்திருந்தார். மகளின் ஆய்வில் உதவிவருபவர்.

1959இலிருந்து ஏழாண்டுகள் யாரும் எதையும் வெட்டவில்லை என்பதை இங்கே நின்று நினைத்துப்பார்த்தேன். மூன்று ஓடைகளின் நீரோட்டம், வெப்பம், கலங்கல், மீன் வரவு ஆகியவற்றுக்கு ஒன்றோடொன்று என்ன உறவு என்பதை மட்டும் எழுதிவந்தார்கள். ஃபிளின் க்ரீக்கில் இவ்வளவு ஓடினால் நீடில் பிராஞ்சில் எவ்வளவு ஓடும் என்று சொல்லத் தெரிந்த பிறகே, 1966இல் கோடரி விழுந்தது. நீடில் பிராஞ்சில் கரை வரை ஒரு மரமும் விடாமல் முழுவெட்டு நடத்தி, மிஞ்சிய கொப்புகளையும் கழிவையும் எரித்தார்கள். 303 ஹெக்டேர் உள்ள டீர் க்ரீக்கில் கால்பங்குப் பரப்பை மட்டும் துண்டு துண்டாக வெட்டி, கரையோர மரங்களை விட்டுவைத்தார்கள். ஃபிளின் க்ரீக்கைத் தொடவில்லை.

வெட்டுவதற்கு முன் நீடில் பிராஞ்சின் ஆண்டு உச்ச வெப்பம் 14 டிகிரி செல்சியஸ். வெட்டி எரித்த மறு ஆண்டு, 1967இல், அது 29 டிகிரியைத் தாண்டியது. அந்த எண்ணை நான் முதலில் நம்பவில்லை. மூலத்தில் ஃபாரன்ஹீட்டில் இருந்ததை, 57 என்பதையும் 85 என்பதையும், நானே மாற்றிப் பார்த்துக்கொண்டேன். குளிர்ந்த நீரில் வாழப் பிறந்த டிரவுட் மீனுக்கு அது பிழைக்கத் தக்க வெப்பமன்று. வெட்டும்போதே ஓடையில் குவிந்த கழிவு அழுகி நீரின் ஆக்சிஜனைக் குடித்துவிட்டிருந்தது. சரிவிலிருந்து இறங்கிய நுண்மண் சரளையின் இடுக்குகளை அடைத்துவிட்டிருந்தது. கட்துரோட் டிரவுட் மீன்களின் எண்ணிக்கை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கி, ஆய்வு முடிந்த 1973 வரை எழவில்லை. கரையோர மரங்களை விட்டுவைத்த டீர் க்ரீக்கில் வெப்பம் அப்படி ஏறவில்லை. அந்த வேறுபாடு ஒன்றே போதுமானதாக இருந்தது. 1971இல் ஓரிகன் இயற்றிய காட்டுத்தொழில் சட்டத்துக்கும், ஓடைக்கரையில் மரம் விடவேண்டும் என்று அதன்கீழ் வந்த விதிகளுக்கும் இந்த மூன்று ஓடைகள் சாட்சி சொல்லின. அமெரிக்காவில் இத்தகைய சட்டம் இயற்றிய முதல் மாநிலம் இதுவே.

இதோடு நின்றிருந்தால் எளிய கதையாக முடிந்திருக்கும். வெட்டிய நிலத்தில் டக்ளஸ் ஃபர் மீண்டும் வளர்ந்து நாற்பது வயதை எட்டியபோது, 2000களின் நடுவில் பல்கலைக்கழகமும் நில உரிமையாளர்களும் அரசுத் துறைகளும் சேர்ந்து நீர்ப்பிடிப்பு ஆய்வுக் கூட்டுறவு என்ற அமைப்பின் கீழ் இங்கே திரும்ப வந்து, பழைய இடங்களிலேயே அளக்கத் தொடங்கினார்கள். இன்றைய விதிகளின்படி வெட்டினால் என்ன ஆகும் என்பதே கேள்வி. 2009இல் ஓடையின் மேற்பாதியையும் 2014இல் கீழ்ப்பாதியையும், மீன் உள்ள பகுதியில் கரைமரங்களை விட்டு வெட்டினார்கள். இம்முறை உச்ச வெப்பம் குறிப்பிடும்படி ஏறவில்லை. டிரவுட் மீனும் வீழவில்லை. வனவியலாளர் இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் தெரிந்த நிறைவு நியாயமானது என்றே எனக்குப் பட்டது.

ஆனால் அந்தக் கருவிகள், யாரும் தேடாத இன்னொன்றையும் எழுதிவைத்திருந்தன. வெட்டுவதற்கு முன்பே, தோட்டத்தின் 40 முதல் 43 வயது வரையான காலத்தில், நீடில் பிராஞ்சின் கோடை நீரோட்டம் ஃபிளின் க்ரீக்கின் முதிர்ந்த காட்டோடு ஒப்பிட்டு எதிர்பார்க்கத்தக்க அளவில் பாதிதான் இருந்தது. ஆண்டு முழுவதற்கும் பார்த்தால் கால்பங்கு குறைவு. ஒரே வயதில் நெருக்கமாக நிற்கும் இளமரங்கள், ஒரு நூற்றாண்டைக் கடந்த மரங்களை விடக் கூடுதலாக நீரை இழுத்து வெளிவிடுகின்றன. உயிருள்ள வெளிக்கட்டை அவற்றில் மிகுதி. காற்று காயும்போது இலைத்துளைகளைச் சுருக்கிக்கொள்ளும் அடக்கமும் அவற்றுக்குக் குறைவு. தோட்டத்தை வெட்டிய பிறகாவது ஓட்டம் மீண்டிருக்க வேண்டும். அதுவும் நிகழவில்லை, விரைந்து தழைத்த செடிகளும் கரையில் விட்ட இளமரங்களுமே அந்த நீரைக் குடித்துவிட்டன.

கிளென்மார்கனில் இரண்டாம் சுற்றுத் தைலமரம் முதல் சுற்றை விடக் கூடுதலாகக் குடித்ததை நான் அவர்களிடம் சொன்னேன். வனவியலாளர் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பிறகு எதிர்ச் சரிவைப் பார்த்தபடி சிறிது நேரம் பேசாமல் நின்றார். நிழல் தந்து வெப்பத்தைத் தடுத்தாயிற்று. ஆனால் ஆகஸ்டில் மடுக்களை இணைக்கும் தண்ணீரே பாதியானால், குஞ்சுகள் எந்த நிழலில் எவ்வளவு இடத்தில் நெருக்கிக்கொள்ளும்? ஐம்பதாண்டு கழித்து எழுந்த கேள்வி இது. ஃபிளின் க்ரீக்கை நடுவில் யாராவது வெட்டியிருந்தால் எழுந்தே இருக்காது, ஏனென்றால் குறைந்திருக்கிறது என்று சொல்ல ஒப்பிட ஓர் ஓடை மிஞ்சியிருக்காது.

செப்டம்பர் 5, வியாழன். மீன் எண்ணும் நாள்

இன்று டிரிஃப்ட் க்ரீக்கின் இன்னொரு கிளையில் மாணவர் குழு மீன் எண்ணியது. நான் கரையிலிருந்து அளவுகளை எழுதிக்கொடுத்தேன். மடுவின் மேலும் கீழும் வலை கட்டி அடைத்துவிட்டு, முதுகில் மின்கலம் சுமந்த ஒருவர் நீளக் கோலை நீரில் துழாவிக்கொண்டே நடக்கிறார். மிதமான மின்னோட்டத்தில் மீன்கள் சில நொடி மயங்கி மிதக்க, பின்னால் வருபவர்கள் கைவலையில் அள்ளி வாளியில் விடுகிறார்கள். ஒரே மடுவை மூன்று முறை துழாவுகிறார்கள். ஒவ்வொரு முறையும் பிடிபடுவது எவ்வளவு குறைகிறது என்பதை வைத்து, பிடிபடாமல் இருப்பவற்றின் எண்ணிக்கையைக் கணக்கிடுகிறார்கள். நீர் 18 டிகிரிக்கு மேல் போனால் வேலையை நிறுத்திவிட வேண்டும் என்பது விதி. மீனுக்கு அதற்கு மேல் அந்த அதிர்ச்சி தாங்காது.

கட்துரோட் டிரவுட்டின் தாடைக்கடியில் குங்குமக் கீற்றுப் போல இரண்டு கோடுகள் இருக்கின்றன. அவலாஞ்சி மீன்பண்ணையில் சிறு வயதில் நான் பார்த்த வானவில் டிரவுட் இதன் நெருங்கிய உறவு. அதன் தாயகமும் இந்தக் கடற்கரைதான். வில்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி 1907இல் நீலகிரி நீரோடைகளில் அதைக் குடியேற்றினார். ஊரில் வந்தேறியாகக் கண்ட மீனினத்தின் உறவை அதன் சொந்த வீட்டில் உள்ளங்கையில் ஏந்தியபோது எனக்கு என்னவோ செய்தது.

மதிய உணவின்போது ஒரு மாணவி, கனடாவின் வான்கூவர் தீவிலுள்ள கார்னேஷன் க்ரீக்கைப் பற்றிச் சொன்னார். 1970இல் தொடங்கி இன்றும் தொடரும் ஆய்வு அது. 1976 முதல் 1981 வரை அங்கே மரம் வெட்டினார்கள். நீர் சற்றே வெதுவெதுப்பானதால் கோஹோ முட்டைகள் முன்னதாகப் பொரித்து, குஞ்சுகள் விரைவில் வளர்ந்து, இரண்டாண்டு ஓடையில் தங்கவேண்டியவை ஓராண்டிலேயே கடலுக்குப் போயின. எண்ணிக்கை கூடியதைப் பார்த்தால் வெட்டியது நல்லதென்றே தோன்றியிருக்கும். ஆனால் வழக்கத்துக்கு முன்பாகக் கடலை அடைந்தவற்றில் பிழைத்தவை குறைவு. ஓடையின் கீழ்ப்பகுதிச் சரளையில் முட்டையிடும் சம் என்ற இன்னொரு சால்மன் வகையோ, சரளையில் நுண்மண் படிந்து முட்டைகள் மூச்சடைத்ததால் தெளிவாகவே குறைந்துபோனது. ஓடையின் வாயில் வேலி கட்டி, போவதையும் வருவதையும் ஆண்டு தவறாமல் எண்ணியிராவிட்டால் முதல் பாதியோடு முடிவெழுதியிருப்பார்கள்.

செப்டம்பர் 6, வெள்ளி. கோர்வாலிஸ்

மழைத்தூறல். வெளியே போகவில்லை.

நேற்று வனவியலாளர் சொன்னதை எழுதிவைக்கிறேன். 2020 பிப்ரவரியில் பதின்மூன்று மரத்தொழில் குழுமங்களும் பதின்மூன்று சூழல் அமைப்புகளும், வாக்கெடுப்பிலும் வழக்கிலும் மோதுவதை நிறுத்தி உட்கார்ந்து பேச ஒப்புக்கொண்டன. அதன் விளைவாக 2022இல் சட்டம் வந்தது; 2023இலிருந்து மீனுள்ள ஓடைகளின் கரையில் 110 அடி வரை மரம் விடவேண்டும். தன் குழுமம் இதனால் இழக்கும் மரத்தின் மதிப்பை அவர் மறைக்காமல் சொன்னார். அதோடு, "எங்கள் கணக்கும் மீன்காரர்களின் கணக்கும் ஒரே புத்தகத்தில் இருந்ததால்தான் பேச முடிந்தது" என்றும் சொன்னார்.

செப்டம்பர் 7, சனி. ஆண்ட்ரூஸ் காடு

மெக்கென்சி ஆற்றின் ஓரமாகக் கிழக்கே இரண்டு மணி நேரப் பயணம். 2020இன் தீயில் எரிந்த ப்ளூ ரிவர் ஊரில் புது வீடுகள் எழுந்துவருகின்றன. அதைக் கடந்தால் 1948இல் நிறுவப்பட்ட ஆண்ட்ரூஸ் ஆய்வுக்காடு. 6,400 ஹெக்டேர். ஐந்நூறு வயதைத் தாண்டிய டக்ளஸ் ஃபர் மரங்கள் இங்கே நின்றன. பல இன்றும் நிற்கின்றன. 2023 ஆகஸ்டில் மின்னல் மூட்டிய தீ இக்காட்டின் ஏறத்தாழ எழுபது விழுக்காட்டைக் கடந்துபோனது. சில சரிவுகளில் அடிமரம் மட்டும் கருகி உச்சி பச்சையாக இருக்கிறது. சிலவற்றில் கரித்தூண்கள் மட்டுமே.

மேக் க்ரீக்கில் 1987இலிருந்து ஆண்டுதோறும் டிரவுட் மீனை எண்ணிவருகிறார்கள். இரண்டு நீட்சிகளை அடுத்தடுத்துப் பார்க்கலாம். ஒன்று முதுகாட்டுக்குள்ளே; மற்றது 1960களில் வெட்டப்பட்ட இடத்தில். வெட்டிய பகுதியில்தான் நெடுங்காலம் மீன் கூடுதலாக இருந்தது என்று மகள் சொன்னபோது, நீடில் பிராஞ்சில் கேட்டதற்கு இது முரணாயிற்றே என்றேன். முரணில்லை. உயரமான இந்த மலையில் தண்ணீர் எப்படியும் குளிர்ந்தே இருக்கிறது. மரம் போனதும் வெயில் விழ, கல்லில் பாசி வளர, பாசியைத் தின்னும் பூச்சி பெருக, பூச்சியைத் தின்னும் மீன் கொழுக்கிறது. சில ஆண்டுகளில் இளமரங்கள் அடர்ந்து வளர்ந்து முதுகாட்டை விட இருண்ட நிழலை விரிக்கும்போது அந்த ஆதாயம் தேய்ந்துவிடுகிறது. முதுகாட்டில் அவ்வப்போது ஒரு கிழமரம் சாய்ந்து வெளிச்சத்துக்கு வாசல் திறக்கிறது. சாய்ந்த மரமே மடுவும் ஆகிறது. ஒரே வயதுத் தோட்டத்தில் சாய ஆளில்லை.

ஓடையில் பதித்திருந்த வெப்பமானியின் பதிவை மகள் இறக்கிக்கொண்டிருந்தபோது, நான் என் பழைய பாதரச வெப்பமானியை நீரில் நிறுத்திப் பார்த்தேன். பிற்பகல் 2.40க்கு 13 டிகிரி. அவளுடைய கருவியும் அதையே காட்டியது. தீ எரித்த கரைகளிலிருந்து நிழல் போய்விட்டது. இந்த எண் இனி எந்தப் பக்கம் நகரும் என்பதற்காகத்தான் அவள் மாதந்தோறும் இங்கே வருகிறாள்.

நாளை மறுநாள் எனக்கு விமானம். நவம்பர் மழைக்குப் பின் ஃபிளின் க்ரீக்கில் முதல் கோஹோ ஏறும்போது நாளையும் நீர்மட்டத்தையும் எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். "நீடில் பிராஞ்சோடதும் சேர்த்து அனுப்பறேன்பா" என்றாள்.